கதீட்ரல் சாலையின் கதீட்ரல்: யாருக்காகக் கட்டினார்கள், யாருக்கானது ஆனது?

நம் குடியிருப்பில் பாதிப் பேர் தினமும் கதீட்ரல் சாலை வழியாகத்தான் போய் வருகிறோம். ஜெமினி மேம்பாலத்தில் சிக்னலுக்கு நிற்கும்போது எரிச்சலோடு மணியைப் பார்க்கிறோம். செம்மொழிப் பூங்காவில் மலர்க் கண்காட்சி என்றால் குடும்பத்தோடு போகிறோம். அந்த இடத்தில் முன்பு இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் பற்றிப் பேச ஆரம்பித்தால் மூத்த குடியிருப்போருக்கு நேரம் போவதே தெரியாது. ஆனால் அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த கதீட்ரலின் வாசலுக்குள் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

மரங்களுக்கு நடுவே வெள்ளைத் தூண்களும் கூர்ந்த கோபுரமுமாக நிற்கும் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலைப் பற்றியது இந்த இதழின் வரலாற்றுப் பக்கம். அழகான பழைய கட்டடம் என்பது மட்டும் காரணமல்ல. நாடு சுதந்திரம் அடைந்த 43ஆம் நாள், உலகக் கிறிஸ்தவ வரலாற்றில் இடம்பெற்ற ஒரு சம்பவம் இந்தக் கூரையின் கீழ் நடந்தது. "இங்கே எல்லோருக்கும் இடம் உண்டு" என்று சொல்வது சுலபம், அதைச் செய்து காட்ட எத்தனை தலைமுறை ஆகிறது என்பதை அந்தச் சம்பவமும் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவையும் சொல்கின்றன.

எல்லைக்குள் வசிக்கும் எல்லோரும்

முதலில் ஒரு சொல். இங்கிலாந்துத் திருச்சபையையும் அதன் வழிவந்த சபைகளையும் ஆங்கிலிக்கன் சபைகள் என்கிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் அப்படிச் சொல்வதில்லை. தங்கள் ஊருக்கு எந்த மிஷன் வந்ததோ அதை வைத்து, "நாங்க எஸ்.பி.ஜி.", "அவங்க சி.எம்.எஸ்." என்பார்கள். இரண்டும் ஆங்கிலிக்கன் மிஷன் சங்கங்கள்தான்.

அந்தச் சபையின் அடிப்படை அலகு "பாரிஷ்". அதாவது எல்லை வகுத்த ஒரு வட்டாரம். இங்கிலாந்தில் ஒரு பாரிஷின் ஆயர், ஞாயிறு தவறாமல் வருகிறவர்களுக்கு மட்டும் பொறுப்பானவர் அல்ல. அந்த எல்லைக்குள் குடியிருக்கும் அத்தனை பேரும் அவருடைய பொறுப்பு. கோவிலுக்கு வராதவரும் தன் பாரிஷ் ஆலயத்தில் திருமணம் செய்துகொள்ளலாம். வசிக்கும் இடத்தை வைத்து உரிமை வருகிறது. நம் குடியிருப்போர் நலச் சங்கமும் ஏறக்குறைய அதே கணக்கில்தானே நடக்கிறது! நம்பிக்கையையோ மொழியையோ நாம் கேட்பதில்லை, எந்தத் தெரு என்றுதான் கேட்கிறோம்.

இந்த ஏற்பாடு மெட்ராஸுக்கு வந்தபோது அதில் பெரிய ஓட்டை விழுந்தது. எல்லைக்குள் வசித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். ஆலயமோ கம்பெனியின் ஐரோப்பிய ஊழியர்களுக்கானது.

சத்திரத்துப் பொட்டலில் ஒரு வெள்ளைக் கோவில்

கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் ஆலயம் 1680இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழமையான ஆங்கிலிக்கன் ஆலயம் அது. நூறாண்டுக்கும் மேலாக மெட்ராஸ் ஆங்கிலேயர்களுக்கு அது போதுமாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர் பயம் குறைந்ததும் வசதி படைத்தவர்கள் கோட்டையை விட்டு வெளியேறி, மவுண்ட் ரோடுக்கு இருபுறமும் பெரிய தோட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். இன்றைய தேனாம்பேட்டை, ராயப்பேட்டை, நுங்கம்பாக்கம் பகுதிகள் அப்போது திறந்த வெளி. அந்தப் பரப்புக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் "சவுல்ட்ரி ப்ளெயின்". தமிழில் சொன்னால் சத்திரத்துப் பொட்டல். வழிப்போக்கர் யாராக இருந்தாலும் தங்கிப் போகும் சத்திரத்தின் பெயர் அந்த நிலத்துக்கு அமைந்தது.

ஞாயிறு தோறும் அங்கிருந்து கோட்டைக்கு வண்டி கட்டிப் போவது சிரமமாக இருந்தது. எனவே வீடுகளுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆலயம் எழுந்தது. வடிவமைத்தவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் கால்டுவெல். (மொழியியலாளர் ராபர்ட் கால்டுவெல் வேறு.) கட்டி முடித்தவர் தாமஸ் டி ஹாவிலண்ட். இவரேதான் பிறகு எழும்பூரில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகச் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் ஆலயத்தையும் கட்டினார். ஒரே ஊர், ஒரே வேதம், ஒரே பொறியாளர். ஆனால் ஆங்கிலேயர்களுக்கு ஓர் ஆலயம், ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இன்னோர் ஆலயம். இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் முதலில் அடக்கம் செய்யப்பட்டவர் டி ஹாவிலண்டின் மனைவி எலிசபெத். ஆண்டு 1818.

பட்டம் கொடுக்க முடியாத பேராயர்

1816 ஜனவரியில் இந்த ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தவர் கல்கத்தாவின் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் தாமஸ் மிடில்டன். அப்போது மெட்ராஸுக்குத் தனிப் பேராயர் கிடையாது. கல்கத்தா பேராயர்தான் இந்தியா முழுவதையும் பார்த்துக்கொண்டார்.

மிடில்டனுக்கு ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. தனக்கு அரசர் அளித்த ஆணையின்படி இந்தியர் ஒருவரைக் குருவாக அபிஷேகம் செய்ய அதிகாரம் இல்லை என்று அவர் கருதினார். ஆகவே செய்யவில்லை. இந்த ஆலயத்துக்குக் கதவு திறந்து வைத்த பேராயரின் கையால் ஒரு தமிழர் குருவாகியிருக்க முடியாது.

1823இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்தச் சிக்கலைத் தீர்த்தது. அடுத்த ஆண்டே புதிய பேராயர் ரெஜினால்ட் ஹீபர் முதல் இந்தியருக்குப் பட்டம் கொடுத்தார். அவர் பெயர் கிறிஸ்டியன் டேவிட். தஞ்சாவூர் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்து, இலங்கையில் ஊழியம் செய்துவந்த தமிழர். இரண்டே ஆண்டுகளில், 1826 ஏப்ரல் 3 அன்று, ஹீபர் திருச்சிராப்பள்ளியில் குளிக்கும்போது இறந்துபோனார். கதீட்ரலுக்குள் அவருக்கு ஒரு பளிங்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. புகழ்பெற்ற ஆங்கிலேயச் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி செய்தது. ஹீபர் இந்தியர்களுக்கு ஆசி அளிப்பது போன்ற சிற்பம். தோட்ட வீட்டுச் சீமான்களின் ஆலயத்துக்குள் இந்திய முகங்கள் கல்லாகவாவது நுழைந்துவிட்டன!

1835இல் மெட்ராஸ் தனிப் பேராயமானது. டேனியல் கோரி முதல் பேராயர். பேராயரின் இருக்கை உள்ள ஆலயம் கதீட்ரல் ஆகும். அப்படித்தான் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலாயிற்று, சாலைக்கும் பிற்பாடு அந்தப் பெயர் வந்தது. சாலையின் எதிர்ப்புறம் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியதும் அதே 1835தான்.

ஒரே பந்தி, ஒரே கிண்ணம்

வெள்ளையர் ஒருபுறம் இருக்கட்டும். தமிழ்ச் சபைகளுக்குள் எல்லோருக்கும் சம இடம் இருந்ததா? இல்லை.

வேப்பேரியில் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபை உண்டு. அங்கேயும் தஞ்சாவூரிலும் சாதிக்கொரு பக்கமாக உட்காருவது வழக்கம். திருவிருந்துக் கிண்ணத்தில் யார் முதலில் குடிப்பது என்பதிலும் சாதி பார்த்தார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேறுபாடு இருக்கக் கூடாது, உடனே விட வேண்டும் என்பது அதன் சாரம். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஏராளமானோர் சபையை விட்டே விலகினார்கள். சிலர் பிற்பாடு, இதில் இவ்வளவு கண்டிப்பு காட்டாத லூத்தரன் மிஷனில் போய்ச் சேர்ந்தார்கள். இன்றும் தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகளில் பாடப்படும் எத்தனையோ பாடல்களை இயற்றிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்தை விட மறுத்தவர்கள் பக்கம்தான் நின்றார்.

இதைப் பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. அறிக்கை போட்டால் சாதி போய்விடாது என்று 1834இலேயே தெரிந்துவிட்டது. எழுதப்பட்ட விதி வேறு, பக்கத்தில் உட்காருவது வேறு.

அதே நூற்றாண்டில் நம்பிக்கை தந்த இடங்களும் உண்டு. சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் பல ஆண்டுகள் ஆயராக இருந்தவர் டபிள்யூ. டி. சத்தியநாதன். அவர் மனைவி அன்னா, தென்னிந்திய சி.எம்.எஸ். ஊழியத்தில் முதல் இந்தியக் குருவான ஜான் தேவசகாயத்தின் மகள். கணவர் சபையைக் கவனிக்க, அன்னா பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தினார். வெளியே வர முடியாத பெண்களுக்கு வீடு தேடிப் போய் எழுத்தறிவித்தார். அவர்களுடைய மருமகள் கிருபாபாய் சத்தியநாதன் ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். ஒரு தமிழ்க் குருமனை தன் தெருவுக்கு எப்படிப் பயன்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. தொடக்கத்தில் சொன்ன பாரிஷ் கணக்கைக் காப்பாற்றியது, கம்பெனி கட்டிய ஆலயத்தைவிட இந்த வீடுதான் என்று சொல்லலாம்.

28 ஆண்டுகள் பேசினார்கள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சாதாரணத் தமிழ்க் கிறிஸ்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். இவர் ஆங்கிலிக்கன், ராயப்பேட்டைக்காரர் மெதடிஸ்ட், மதுரைக்காரர் அமெரிக்கன் மிஷன், எழும்பூரில் இருப்பவர் ஸ்காட்டிஷ் மிஷன். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 16, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நடந்த சண்டைகளால் பிரிந்த சபைகள் இவை. அந்தச் சண்டையில் நம் ஊர்க்காரர் யாருக்கும் பங்கில்லை. ஆனால் பிரிவினை மட்டும் கப்பலேறி வந்துவிட்டது. ஒருவர் சபையில் மற்றவர் திருவிருந்து எடுக்க முடியாத நிலை. எந்த மிஷன் முதலில் வந்ததோ அதுதான் அந்த ஊரின் சபை.

"இதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?" என்று கேட்டவர்களில் முக்கியமானவர் வி. எஸ். அசரியா. தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசும்போது, வெள்ளை மிஷனரிகள் இந்தியருக்காகப் பணமும் உழைப்பும் தந்ததை ஒப்புக்கொண்டார். ஆனால் இந்தியருக்கு வேண்டியது நட்பு, அது கிடைக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். 1912இல் அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினார்கள். இருவரைத் தவிர மற்ற எல்லோரும் இந்தியர்கள். சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அங்கே அறிக்கை வெளியிட்டார்கள். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் 1706இல் வந்து இறங்கிய ஊர் அது. பிரிவினை வந்து இறங்கிய கரையிலேயே ஒற்றுமைக்கான பேச்சும் தொடங்கியது.

பேச்சு 28 ஆண்டுகள் நீண்டது. நம் சங்கப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற இரண்டு ஆண்டு ஆனால் அலுத்துக்கொள்கிறோம்! மூன்று தரப்புகள்: ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் 1908இல் சேர்ந்து உருவான தென்னிந்திய ஐக்கிய சபை.

சிக்கல் பேராயர் பதவியில் இருந்தது. ஆங்கிலிக்கன் சபையில் பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்தால்தான் குரு. மற்ற சபைகளில் பேராயரே கிடையாது. அப்படியானால் சேரும்போது மற்ற சபை ஆயர்களுக்கு மறுபடியும் பட்டம் கொடுக்க வேண்டுமா? "வேண்டும்" என்றால் அவர்கள் இத்தனை நாள் செய்த ஊழியம் பொய்யாகிவிடும். "வேண்டாம்" என்றால் ஆங்கிலிக்கன் மரபு உடையும்.

கடைசியில் ஒவ்வொரு தரப்பும் தனக்கு அருமையான ஒன்றை விட்டுக்கொடுத்தது. பேராயர் இல்லாத சபைகள் பேராயரை ஏற்றன. ஆங்கிலிக்கன்கள், மற்ற ஆயர்களை மறு அபிஷேகம் இல்லாமல் அப்படியே ஏற்றார்கள். இனிமேல் புதிதாக வரும் எல்லோருக்கும் பேராயரே பட்டம் கொடுப்பார், இருப்பவர்களை யாரும் கேள்வி கேட்க வேண்டாம் என்பது ஏற்பாடு. கூடவே ஓர் உறுதிமொழியும் தரப்பட்டது: எந்தச் சபையின் மீதும் அதன் மனசாட்சி ஏற்காத ஆயரையோ வழிபாட்டு முறையையோ திணிக்க மாட்டோம். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஐக்கியம் நடந்திருக்காது என்பது என் எண்ணம். தங்களை விழுங்கிவிடுவார்களோ என்று சிறியவர்கள் பயப்படத் தேவையில்லை என்று பெரியவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

இங்கிலாந்தில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. கவிஞர் டி. எஸ். எலியட் 1943இல் ஒரு சிறுநூலே எழுதி இந்தத் திட்டத்தைக் கண்டித்தார். ஆனாலும் மெதடிஸ்டுகள் 1943இலும், ஆங்கிலிக்கன்கள் 1945 ஜனவரியிலும், ஐக்கிய சபை 1946இலும் ஒப்புதல் அளித்தார்கள். அசரியா அதைப் பார்க்கவில்லை. ஆங்கிலிக்கன் வாக்கெடுப்புக்குச் சில வாரங்கள் முன்பு, 1945 ஜனவரி 1 அன்று காலமானார்.

1947 செப்டம்பர் 27

அன்று சனிக்கிழமை. சுதந்திரம் வந்து ஆறு வாரம். வடக்கே பிரிவினையின் ரத்தம் இன்னும் காயவில்லை. அந்த நேரத்தில் கதீட்ரல் சாலையில் பிரிந்தவர்கள் சேர்ந்தார்கள். திருவிதாங்கூர்-கொச்சி பேராயர் சி. கே. ஜேக்கப் தலைமையில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கியது. நாம் சி.எஸ்.ஐ. என்று சொல்வது அதைத்தான். பேராயரை ஏற்கும் சபையும் பேராயரே இல்லாத சபைகளும் ஒன்றானது ஐரோப்பியச் சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகு உலகில் அதுவே முதல் முறை.

புதிய சபைக்கு 14 பேராயங்கள். அதே நாளில் 9 புதிய பேராயர்கள் அபிஷேகம் பெற்றார்கள். அவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத் தமிழர் சபாபதி குலேந்திரன், அமெரிக்க மிஷன் வழி வந்தவர். இன்னொருவர் 37 வயது லெஸ்லி நியூபிகின், பேராயரே இல்லாத ஸ்காட்லாந்து சபையின் ஊழியர். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு எழும்பூரில் தனி ஆலயம் கட்டிய கதை நினைவிருக்கிறதா? ஏறக்குறைய 130 ஆண்டுகள் கழித்து, அந்தச் சபையின் ஊழியர் ஆங்கிலேயர்களின் ஆலயத்தில் பேராயராக மண்டியிட்டார். முதல் பிரதமப் பேராயராக மெட்ராஸ் பேராயர் மைக்கேல் ஹாலிஸ் தேர்வானார்.

அந்த நாளோடு இந்தக் கதீட்ரல், வெறும் ஆங்கிலிக்கன் ஆலயமாக இருப்பது முடிந்தது. உலக ஆங்கிலிக்கன் சபைகள் பல ஆண்டுகள் சி.எஸ்.ஐ.யை முழுமையாக ஏற்கத் தயங்கின. கதவைத் திறந்தவர்கள் அதற்கான விலையைக் கொடுத்தார்கள்.

கையோடு கை வைத்து

சேர்ந்த பிறகு எப்படி வழிபடுவது? 1950இல் சி.எஸ்.ஐ. ஒரு புதிய திருவிருந்து ஆராதனை முறையை வெளியிட்டது. அதில் இரண்டு மாற்றங்கள் முக்கியம். குரு சபையாருக்கு முதுகு காட்டாமல், திருவிருந்து மேசைக்குப் பின்னால் அவர்களைப் பார்த்து நிற்கலாம். அடுத்தது, "சமாதானம்" பகிர்வது. ஒருவர் தன் வலது உள்ளங்கையை அடுத்தவரின் வலது உள்ளங்கையில் வைக்க, இருவரும் இடது கையால் மூடிக்கொள்வார்கள். குருவிடமிருந்து அது வரிசை வரிசையாகக் கடைசி ஆள் வரை வரும்.

இந்தச் சைகை எங்கிருந்து வந்தது தெரியுமா? கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டிலிருந்து. தங்களுக்கு நற்செய்தி தந்தவர் என்று அவர்கள் போற்றும் புனித தோமா உயிர் துறந்ததாக நம்பப்படுவது நம் மயிலாப்பூர் பக்கத்தில்தான். லண்டன் புத்தகத்தைப் பார்த்து நடந்த ஆராதனைக்குள் இந்த மண்ணின் வழக்கம் புகுந்தது. 1950 ஆராதனை முறையைப் பிற நாட்டுச் சபைகளும் ஆர்வமாகப் படித்தன. தங்கள் வழிபாட்டைத் திருத்தியபோது பல சபைகள் அதை முன்மாதிரிகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டன.

பக்கத்து இருக்கையில் யார் என்று பார்க்காமல் கை கொடுக்க வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். தனி வரிசை, தனிக் கிண்ணம் என்று 1834இல் சபை உடைந்த ஊரில் இது சாதாரண மாற்றமல்ல.

இன்னும் முடியாத வேலை

1947இல் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. லூத்தரன், பாப்டிஸ்ட் சபைகள் ஐக்கியத்தில் சேரவில்லை. மிஷன் பிரிவுகள் மறைந்த வேகத்தில் சாதி மறையவில்லை. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களோடு நிறுத்தியது. பிற்பாடு சீக்கியர்களும் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தலித் கிறிஸ்தவர்கள் அரசிடமும் போராட வேண்டியிருந்தது, தங்கள் சபைகளுக்குள்ளும் போராட வேண்டியிருந்தது. 1990களில் மெட்ராஸ் பேராயராக இருந்த எம். அசரியா இதைத் தயங்காமல் பேசியவர்களில் ஒருவர்.

பெண்களுக்கும் காத்திருப்புதான். 1976இல்தான் சி.எஸ்.ஐ.யில் பெண் குருவுக்குப் பட்டம் கிடைத்தது. முதல் பெண் பேராயராக எக்கோனி புஷ்பலலிதா, ஆந்திரத்தின் நந்தியாலில் 2013இல் பொறுப்பேற்றார்.

பாரிஷ் எல்லையை விரிவாகப் பார்த்தவர்களும் உண்டு. முன்பு சொன்ன நியூபிகின், பேராயராவதற்கு முன் காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்தபோது, அங்குள்ள ராமகிருஷ்ண மடத்தில் தரையில் உட்கார்ந்து இந்து அறிஞர்களோடு சேர்ந்து உபநிடதங்களையும் யோவான் சுவிசேஷத்தையும் மாறி மாறிப் படித்தவர். 1965 முதல் 1974 வரை மெட்ராஸ் பேராயராக இருந்தபோது குடிசைப் பகுதிகளின் வாழ்க்கையைச் சபையின் வேலையாகப் பார்த்தார்.

நம் தெருவில் சபை வாழ்க்கை

இதையெல்லாம் படிக்காமலே நம்மில் பலருக்குச் சபை வாழ்க்கை கொஞ்சம் தெரியும். டிசம்பர் இரவுகளில் கிடாரும் டிரம்முமாக வேனில் வந்து இறங்கி வீட்டு வாசலில் பாடும் கேரல் ரவுண்ட்ஸ், அவர்களுக்குக் கேக்கும் காபியும் தயாராக வைத்திருக்கும் வீடு, டிசம்பர் 31 நள்ளிரவில் வாட்ச் நைட் ஆராதனை முடிந்து வரும் கூட்டம், குருத்தோலை ஞாயிறு பவனி. அறுப்பின் பண்டிகையில் வாழைத்தார், தேங்காய், சேவல் என்று காணிக்கை குவியும். பிறகு ஏலம். ஒரு பூசணிக்காய் நான்கு பேரிடம் கைமாறி மறுபடி ஏலத்துக்கே வரும். பணம் சபைக்கு, சிரிப்பு எல்லோருக்கும். ஏலம் கேட்க எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை கொண்டாட்டங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு இதுதான் சபையின் உயிர். ஊரிலிருந்து வேலைக்காக வந்து தனியாக அறை எடுத்துத் தங்கும் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு ஒரு வீடு கிடைப்பதும், ஆஸ்பத்திரியில் படுத்தால் பார்க்க நாலு பேர் வருவதும் இங்கிருந்துதான்.

போய்ப் பாருங்கள்

ஆராதனை இல்லாத நேரத்தில், வாசலில் கேட்டுக்கொண்டு கதீட்ரலுக்குள் போகலாம். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். மெட்ராஸ் சுண்ணாம்புக்குப் பேர்போன வெள்ளைச் சுவர்களையும் தூண்களையும் பாருங்கள். ஹீபரின் சிற்பத்தைத் தேடுங்கள். சுவரில் பதித்த கல்வெட்டுகளைப் படியுங்கள், எத்தனை பேர் இருபது முப்பது வயதில் இந்த ஊர் வெயிலிலும் காய்ச்சலிலும் போனார்கள் என்பது புரியும். ஆராதனை நேரத்தில் போனால், கைபேசியை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் அமருங்கள். சமாதானம் பகிரும்போது பக்கத்தில் இருப்பவர் உங்களிடமும் கை நீட்டினால் தயங்க வேண்டாம். அதை வாங்கிக்கொள்ளச் சபை உறுப்பினர் அட்டை தேவையில்லை.

1947 நிகழ்ச்சிக்குப் போய்வந்த தாத்தா, பாட்டி உங்கள் குடும்பத்தில் இருந்தார்களா? அந்தக் காலத்துப் படம், அழைப்பிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், பழைய பாட்டுப் புத்தகம் ஏதாவது பரணில் கிடக்கிறதா? சங்க அலுவலகத்தில் கொடுத்தால் நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். அடுத்த இதழில் வெளியிடலாம்.